வேலியில் வெள்ளை விரிப்பு

துணி காயப்போடுகிற கொடியை அறுத்துத்தான் யூஜினைக் கட்டினார்கள். வேறு கயிறு இல்லாமல் இல்லை. தொழுவத்துக்குள் போயிருந்தால் தடித்ததும் மெலிந்ததுமாக எத்தனையோ தொங்கும். ஆனால் விடிந்தும் விடியாததுமாகக் குன்றின் பின்பக்கம் இறங்கி வந்தவர்களுக்கு முற்றத்தில் முதலில் கைக்கு அகப்பட்டது கொடிதான். ஒருவன் கத்தியால் இரண்டு முனையையும் அறுத்துச் சுருட்டிக்கொண்டான். பால் கறக்கப் போவதற்காகக் கதவைத் திறந்த யூஜினின் மனைவி டீலியா, அவன் சுருட்டுவதைப் பார்த்தபடி வாளியும் கையுமாக நின்றாள். கத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கத்தினாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் குரங்குக் குல்லா போட்டு, கண்ணும் வாயும் மட்டும் தெரிய இருந்தார்கள். நெட்டையானவன்தான் பேசினான். பெல்ஃபாஸ்ட் பட்டணத்துப் பேச்சு, வார்த்தைகளை மென்று துப்புகிற பேச்சு. மற்றவன் வாயே திறக்கவில்லை. உள்ளே நுழையும்போது வாசல் சுவரில் மாட்டியிருக்கும் சின்னக் கிண்ணத்துப் புனித நீரில் விரலைத் தொட்டு, குல்லாவுக்கு மேலேயே சிலுவை போட்டுக்கொண்டான். தோளில் துப்பாக்கி தொங்கினாலும் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

டீலியா அதைக் கவனித்தாள். கிண்ணம் இருக்கிற இடத்தை அவன் தேடவில்லை. கதவுக்குப் பின்னால், கோட்டு மாட்டுகிற ஆணிக்குக் கீழே, புதிதாக வருகிறவர்கள் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது அது. இவன் இந்த வீட்டுக்கு வந்து போனவன். குரல் கேட்டால் அடையாளம் தெரிந்துவிடும் என்றுதான் ஊமையாக நிற்கிறான்.

"பயப்படாதீங்க அக்கா. உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு காலைப் பொழுது வீட்டைக் கொடுங்க, போதும். கெட்டில் இருக்கா?" என்றான் நெட்டையன்.

யூஜினை அடுப்போரம் நாற்காலியில் உட்கார வைத்து, கையையும் காலையும் கட்டி, வாயில் அவனுடைய கழுத்துத் துணியையே திணித்தார்கள். யூஜின் ஐம்பத்தைந்து வயது மனிதன். வாழ்நாளில் யார் வம்புக்கும் போகாதவன். தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போகும்போதுகூட யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறவன். அவன் கண் டீலியாவையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ ஒன்றும் செய்துவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது.

டீலியா டீ போட்டுக் கொடுத்தாள். நெட்டையன் குல்லாவை மூக்கு வரை தூக்கிக்கொண்டு சோடா ரொட்டியை வெண்ணெயோடு தின்றான். ருசியாக இருக்கிறது என்றும் சொன்னான். பிறகு சாதாரணமாக, வானிலை விசாரிக்கிறவன் மாதிரி கேட்டான்.

"அந்த நீல டிராக்டர் எத்தனை மணிக்கு இந்தப் பக்கம் வரும்?"

அந்தச் சுற்றுவட்டாரத்தில் நீல டிராக்டர் ஒன்றுதான். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்து வீட்டு மெர்வினுடையது.

"நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டா உட்கார்ந்திருக்கேன்?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"பால் கேனை ஏத்திக்கிட்டு நாற்சந்திக்குத் தினமும் போறான்ல? லாரி அங்கதான நிக்கும்? சரி விடுங்க. எங்களுக்குத் தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்."

டீலியா வீட்டார் கத்தோலிக்கர், மெர்வின் புராட்டஸ்டண்டு. வாரத்தில் சில ராத்திரி சீருடை போட்டுக்கொண்டு ரோந்து போகிற, அரசாங்கப் பட்டாளத்தின் பகுதிநேரச் சிப்பாய். மற்ற நேரமெல்லாம் மாட்டுச் சாணத்தில் முழங்கால் வரை நிற்கிற விவசாயி. அந்த ஊரில் இந்த இரண்டும் சேர்ந்தாலே ஒருவன் பாதி செத்தவன் என்று கணக்கு. மெர்வினுடைய மாமன் மகனைப் போன வருடம் சந்தைக்குப் போகிற வழியில் சுட்டார்கள். டீலியாவின் தங்கை புருஷனைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். இரண்டையும் பற்றி இந்த இரண்டு வீடுகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினால் அப்புறம் எப்படி ஒருவன் புல்லை இன்னொருவன் அறுக்க முடியும்? மழையைப் பற்றிப் பேசுவார்கள், மாட்டைப் பற்றிப் பேசுவார்கள். மற்றதற்கெல்லாம் வாய் இருந்தும் ஊமை.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு ஓடை, ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகை. பாதை வழியாக வந்தால் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு டீலியா வீட்டு முன்பக்கம் வளைந்து நாற்சந்திக்குப் போக வேண்டும். பலகை வழியாக வந்தால் நேரே அவள் தொழுவத்தின் பின்கதவு. நெட்டையன் முன்பக்கத்து வளைவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். அங்கே கரிக்கொட்டகைச் சுவர் ஒன்று இடுப்பளவு உயரத்தில் இருந்தது. அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வேகம் குறைத்து வளைகிற டிராக்டரைச் சுடுவதற்குக் கண்ணுகூடச் சரியாகத் தெரிய வேண்டியதில்லை.

டீலியா மனசுக்குள் ஜெபமாலை உருட்டினாள். பாதியில் வார்த்தை மறந்து போயிற்று. மெர்வின் என் வீட்டு வாசலில் சாகப்போகிறான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அவன் பெண்டாட்டி ஹேசலிடம் போய் எப்படிச் சொல்வேன்? என் கையால் டீ குடித்துவிட்டுத்தான் சுட்டார்கள் என்று எப்படிச் சொல்வேன்?

நெட்டையன் பின்ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். மூலையில் இருந்த தொட்டியையும் பார்த்தான். முந்தின நாளே ஊறப்போட்ட துணிகள் அதில் கிடந்தன.

"இன்னைக்குத் திங்கக்கிழமையில்ல?"

"ஆமா."

"எங்கம்மா உசிரே போனாலும் திங்கக்கிழமை துணி துவைக்காம இருக்கமாட்டா. குன்று பூராவும் எல்லா வீட்லயும் துணி ஆடும். உங்க முற்றம் மட்டும் மொட்டையா இருந்தா, மேல ஹெலிகாப்டர்ல போறவனுக்குச் சந்தேகம் வரும். பிழிஞ்சு கொண்டுபோய்க் காயப்போடுங்க."

"கொடியத்தான் நீங்க அறுத்துட்டீங்களே."

நெட்டையன் யூஜினைப் பார்த்தான். யூஜினின் மணிக்கட்டில் கொடி அழுந்திச் சிவந்திருந்தது. நெட்டையன் சிரித்துவிட்டான்.

"வேலி இருக்குல்ல அக்கா? வேலி மேல விரிச்சுப் போடுங்க. ஊருல பாதிப் பேர் அப்படித்தான போடுறாங்க?"

ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போடுவார்கள். சட்டை, துண்டு, காலுறை எல்லாம் போடுவார்கள். ஆனால் இந்த இரண்டு வீட்டிலும் வெள்ளைப் படுக்கை விரிப்பை மட்டும் வேலியில் போடமாட்டார்கள். அது யூஜினின் அப்பாவும் மெர்வினின் அப்பாவும் ஏற்படுத்திய வழக்கம். கன்று போட முடியாமல் மாடு தவிக்கிறதா, தொழுவத்துப் பக்கத்து வேலியில் வெள்ளை விரிப்பைப் போடு. எதிர்வீட்டுக்காரன் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி கயிற்றை எடுத்துக்கொண்டு பலகை வழியாக ஓடி வருவான். கன்று வந்துவிட்டதா, வர வேண்டாமா, விரிப்பை எடுத்துவிடு. டெலிபோன் இல்லாத இரண்டு வீட்டுக்கும் அதுதான் டெலிபோன். குண்டு வெடித்த வாரங்களிலும், சவப்பெட்டி போன நாட்களிலும்கூட அந்த வழக்கம் ஒரு தடவையும் பொய்த்ததில்லை. "வேலியில வெள்ளையாத் தெரிஞ்சாப் போதும், மெர்வின் ஓடியாந்துருவான். வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புற பய," என்று யூஜின் கேலி செய்வான். அவன் மட்டும் என்ன, அங்கே தெரிந்தால் இவனும் ஓடுகிறவன்தான்.

டீலியா கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். பேசாதவன் துணைக்கு வந்து தொழுவத்து நிழலில் நின்றான். காற்று நன்றாக வீசியது, மார்ச் மாதத்துக் குளிர்காற்று. எதிர்ப்பக்கத்தில் மெர்வின் வீட்டுப் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. அவனுடைய தொழுவக் கதவு திறந்திருந்தது. கறந்துகொண்டிருக்கிறான்.

யூஜினின் நீலச் சட்டையைப் போட்டாள். துண்டுகளைப் போட்டாள். தன்னுடைய பூப்போட்ட மேலங்கியைப் போட்டாள். கூடையின் அடியில் விரிப்பு கிடந்தது. கை அதன்மேல் போய் நின்றுவிட்டது.

போட்டால் மெர்வின் வருவான். இந்தத் துப்பாக்கிகளை நோக்கியே வருவான். போடாவிட்டால் பாதை வழியாக வருவான், சுவருக்குப் பின்னால் காத்திருப்பார்கள். ஆனால் விரிப்பைப் பார்த்து வருகிறவன் பலகை வழியாகத் தொழுவத்துக்கு அல்லவா வருவான்? முன்பக்கம் உட்காரப்போகிறவர்களுக்கு அது தெரியாதே. நான் எப்படியாவது தொழுவத்துக்குள் போய்விட்டால் காதில் ஒரு வார்த்தை போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாமே. தவறிப்போனால்? யாராவது பார்த்துவிட்டால்? நானே கூப்பிட்டுக் கொன்றதாக ஆகிவிடுமே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்கு உயிர் இல்லை, அது தாங்கும்.

விரித்துப் போட்டாள். முட்செடியில் நான்கு மூலையையும் மாட்டினாள்.

திரும்பியபோது பேசாதவன் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பார்த்தான். குல்லாவின் ஓட்டைக்குள் இருந்த அந்தக் கண்ணில், அந்த விரிப்பின் அர்த்தம் அவனுக்குத் தெரியும் என்பது அப்பட்டமாக எழுதியிருந்தது. அவன் யார் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. மேல்குன்று மலக்கி. ஆடு வளர்க்கிறவன். போன கோடைக்கு இதே முற்றத்தில், யூஜினுக்கும் மெர்வினுக்கும் நடுவே உட்கார்ந்து, வைக்கோல் போர் போட்ட களைப்பில் மூன்று தட்டு உருளைக்கிழங்கு தின்றவன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற அந்த நிற்பு வேறு யாருக்கும் வராது.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் நெட்டையனிடம் சொன்னால் போதும். மலக்கி முகத்தைத் திருப்பி, குன்றின் மேலே எதையோ பார்ப்பது போல நின்றான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் வரை அப்படியே நின்றான்.

மாடுகள் கத்த ஆரம்பித்தன. கறக்கிற நேரம் தாண்டிவிட்டது. அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

"கறக்கலேன்னா மடி கட்டிப்போயிரும். அதுங்க கத்துறது நாலு வீட்டுக்குக் கேட்கும்," என்றாள்.

நெட்டையன் யோசித்தான். "போங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார். மறந்துராதீங்க." பிறகு மலக்கியைக் கூட்டிக்கொண்டு முன்பக்கச் சுவருக்குப் போனான்.

தொழுவத்துக்குள் இருட்டாக, சூடாக இருந்தது. மாட்டு வாசனை ஒரு நிமிஷம் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, புள்ளி மாட்டின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கறந்தாள். பால் வாளியில் விழுகிற சத்தத்துக்கு மேலே காதை வைத்துக்கொண்டு கறந்தாள். நேரம் போகவே இல்லை.

பின்கதவு திறந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தோளில் கயிறோடு மெர்வின் நின்றான். ஓடி வந்த மூச்சு.

"எந்த மாடு, டீலியாக்கா? இந்தப் புள்ளிக்காரியா? மகாராணி மாதிரி நின்னு அசை போடுறா, இவளுக்கா வலி..."

எழுந்து அவன் வாயைப் பொத்தினாள். பால் ஈரத்தோடு பொத்தினாள்.

"சத்தம் போடாத. முன்பக்கம் பசங்க இருக்காங்க. உனக்காகத்தான்."

'பசங்க' என்றால் அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர்கள் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போனதை அவள் அந்த இருட்டிலும் பார்த்தாள்.

"யூஜின்?"

"கட்டிப் போட்டிருக்காங்க. உசிரோட இருக்கார். நீ வந்த வழியே போயிரு. ஓடைக்குள்ள இறங்கி, குனிஞ்சுக்கிட்டே போ. உன் டிராக்டருக்காகத்தான் சுவருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்காங்க. நீ வரலேன்னா போயிருவாங்க."

மெர்வின் நகரவில்லை. அவன் கண் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"டிராக்டரா?" என்றான்.

அப்போது அவளுக்கும் கேட்டது. பள்ளத்தைச் சுற்றி வருகிற பாதையில் தூரத்தில் எஞ்சின் சத்தம், கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம்.

"யாரு ஓட்டுறது?"

"ஹேசல்." குரலே வெளியே வரவில்லை அவனுக்கு. "நீங்க விரிப்பு போட்டிருந்தீங்க. லாரி நிக்காதே, பாலைக் கொண்டு போயிருன்னு நான்தான் சொன்னேன். குளிருன்னு என் கோட்டையும் என் தொப்பியையும் மாட்டிவிட்டேன்."

இதை அவள் யோசிக்கவே இல்லை. எத்தனை தடவை நடந்திருக்கிறது இது! யூஜின் அங்கே ஓடிய நாளெல்லாம் இவள்தானே பாலைக் கொண்டுபோனாள்? ஒருவன் உதவிக்கு ஓடினால் அவன் வேலையை வீட்டுக்காரி பார்ப்பாள். அதுவும் அந்த வழக்கத்தோடு ஒட்டிய வழக்கம். பயம் அதை மட்டும் மறக்கடித்துவிட்டது. மெர்வினைப் பாதையிலிருந்து எடுத்து, அந்த இடத்தில் ஹேசலை வைத்துவிட்டாள்.

மெர்வின் முன்கதவுக்குப் பாய்ந்தான். டீலியா குறுக்கே விழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நீ போனா உன்னையும் சுடுவாங்க, அவ கண்ணு முன்னாடி. நான் போறேன். பொம்பளைன்னு தெரிஞ்சா சுடமாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியாது. சொல்லிக்கொண்டே வெளியே ஓடினாள். பால் வாளியை எப்போது கையில் எடுத்தாள் என்பதுகூட நினைவில்லை. பால் சிதறிப் பாவாடையெல்லாம் நனைந்தது. முற்றத்தைத் தாண்டி, சுவருக்குப் பக்கத்து இடைவெளி வழியாகப் பாதையில் இறங்கினாள். முதுகில் எந்த நிமிஷமும் ஏதோ ஒன்று வந்து பாயப்போகிறது என்று தோன்றியது. முதுகே கண்ணாகிவிட்டது அவளுக்கு. டிராக்டர் வளைவில் திரும்பியது. அதன்மேல் மெர்வினின் கோட்டு, மெர்வினின் தொப்பி.

"ஹேசல்! ஏ ஹேசல்!"

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி அவளைக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லி, திரும்பத் திரும்ப. சுவருக்குப் பின்னால் இருக்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

டிராக்டர் உதறி நின்றது. ஹேசல் எஞ்சினை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினாள். செம்பட்டை முடி காற்றில் பறந்தது. சிரித்த முகம் அவளுக்கு. எப்போதும் உரக்கப் பேசுகிறவள்.

"என்ன டீலியாக்கா, கன்னு போட்டாச்சா? மெர்வின் உங்க தொழுவத்துலதான இருக்காரு?"

டீலியா கண்ணால் சுவரைக் காட்டினாள். ஹேசலுக்கு அது புரியவில்லை.

"ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கீங்க? கன்னு செத்துப் போச்சா?"

சுவருக்குப் பின்னாலிருந்து நெட்டையன் எழுந்தான். மெதுவாகத்தான் எழுந்தான். ஹேசலின் சிரிப்பு அந்த முகத்திலேயே அப்படியே நின்றுபோயிற்று. அதைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு மறந்துவிட்டது.

"தொழுவத்துல," என்றான் நெட்டையன். மலக்கியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "போய்ப் பாரு."

மலக்கி போனான். காலை இழுத்து இழுத்துப் போனான். டீலியா கடவுளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் போய்விட்டது. மெர்வின் ஓடியிருப்பானா? ஹேசலை விட்டுவிட்டு அவன் எப்படி ஓடுவான்? வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. ஒரு மாடு கத்தியது. வேறொன்றும் இல்லை.

மலக்கி திரும்பி வந்தான். கையில் கன்று இழுக்கிற கயிறு. ஆள் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"இது யாரோடது?" என்றான் நெட்டையன்.

"எங்களோடது," என்றாள் டீலியா.

நெட்டையன் அதைக் காதில் வாங்கவில்லை. ஹேசலைப் பார்த்தான். "கன்னு போடுதுன்னு உனக்கு யார் சொன்னது?"

ஹேசல் வாய் திறக்கவில்லை. ஆனால் பாவம், கண் திரும்பிவிட்டது. வேலிப் பக்கம் போய்விட்டு வந்தது. நெட்டையன் அந்தக் கண்ணோடேயே போய் விரிப்பைப் பார்த்தான். பிறகு மலக்கியைப் பார்த்தான். மலக்கி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நானே சொல்லிப் போட வச்சிருக்கேன் பாரேன்," என்றான் நெட்டையன், தன்னையே கேலி செய்கிறவன் மாதிரி. பின்பக்கம் போய், விரிப்பை முள்ளோடு கிழிய இழுத்துச் சேற்றில் போட்டு மிதித்தான். திரும்பி வந்து டீலியாவின் காதுக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். "நல்ல வழக்கம் அக்கா. ஞாபகம் வச்சுக்கறோம். இனிமே அது தொங்கினா, யார் கூப்பிடறாங்கன்னு அவங்க யோசிச்சுக்கட்டும்."

பால் லாரி நாற்சந்தியில் ஹாரன் அடித்தது. இன்னும் நின்றால் யாராவது தேடி வருவார்கள். டிராக்டர் சாவியைப் பிடுங்கிப் புதரில் வீசிவிட்டு இருவரும் குன்றேறி எல்லைப் பக்கம் போனார்கள். பின்னால் போனவனின் கால் இழுத்துக்கொண்டே போயிற்று.

டீலியா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஹேசல் டிராக்டரிலேயே இருந்தாள்.

"யார் உங்களை விரிப்பு போடச் சொன்னது?" என்றாள் ஹேசல்.

"அவன்தான் துணியைக் காயப்போடச் சொன்னான். விரிப்பை நான்தான்..."

அதற்குள் ஹேசல் இறங்கித் தொழுவத்துக்கு ஓடிவிட்டாள். முதல் பாதியைத்தான் கேட்டாள். அந்த முதல் பாதியோடேயே இருந்துவிட்டாள்.

மெர்வின் தொழுவத்து வைக்கோலுக்குள் கிடந்தான். ஓடவில்லை. மலக்கி வைக்கோலை விலக்கி, முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்த்தானாம். பிறகு வைக்கோலை மறுபடியும் மூடிவிட்டு, கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனானாம். இதை மெர்வின் யூஜினிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அந்த ஆள் யார் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

போலீஸ் வந்தது. முகம் தெரிந்ததா என்று கேட்டார்கள். குல்லா போட்டிருந்தார்கள் என்றாள் டீலியா. குரல்? ஒருவன் பெல்ஃபாஸ்ட், இன்னொருவன் பேசவே இல்லை. மெர்வினின் உயிரைக் காப்பாற்றியவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது? காட்டிக்கொடுத்தால் இந்த வீடு எத்தனை நாளைக்கு நிற்கும்? அதுவும் ஹேசல் காதுக்குப் போயிற்று. ஆளைத் தெரிந்தும் சொல்ல மறுக்கிறாள் என்று போயிற்று. டீலியா ஒரு தடவை கேக் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது. துப்பாக்கிக்காரன் காயப்போடு என்றான், நான் காப்பாற்றத்தான் போட்டேன். இதை யார் நம்புவார்கள்? ஹேசல் மரியாதையாக டீ ஊற்றினாள். மெர்வின் வெளியே வேலை இருக்கிறது என்று எழுந்து போனான். கேக்கை யாரும் வெட்டவில்லை.

புள்ளி மாட்டுக்கு மே மாதம் நிஜமாகவே வலி வந்தது. காலையிலிருந்து தவித்தது. கன்றின் ஒரு கால் மடங்கியிருந்தது. யூஜின் தோள்வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, வியர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்தான்.

"ஒத்தை ஆளால முடியாது. மாட்டு வைத்தியருக்குச் சொல்லி அனுப்பினாலும், குண்டு வச்சு ரோட்டுப் பாலத்தை உடைச்சதுக்கப்புறம் அவர் சுத்திக்கிட்டு வர மத்தியானம் ஆயிரும். என்ன செய்யலாம்?"

டீலியா பெட்டியைத் திறந்து விரிப்பை எடுத்தாள். கிழிந்த மூலையைத் தைத்து வைத்திருந்தாள். வேலியில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

மெர்வின் முற்றத்தில் இருந்தான். பார்த்துவிட்டான். தொழுவத்துக்குள் போய்க் கயிற்றோடு வெளியே வந்தான். ஹேசல் கதவில் வந்து நின்றாள். அவனைப் பிடிக்கவில்லை, கூப்பிடவில்லை, சும்மா நின்றாள். அவன் சரிவில் இறங்கி ஓடையருகே வந்தான். பலகையில் ஒரு காலை வைத்தான். அங்கேயே நின்றான்.

அவன் டீலியாவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த தொழுவத்தின் இருட்டுக் கதவைப் பார்த்தான். கரிக்கொட்டகையின் கூரையைப் பார்த்தான். பின்ஜன்னலைப் பார்த்தான். யார் நிற்கிறார்கள், யார் இவளைப் போடச் சொன்னது என்று தேடினான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவது இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. யாரும் இல்லையப்பா, மாடுதான், என்று கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். யாராவது பின்னால் துப்பாக்கியோடு நின்றிருந்தாலும் அவள் அதையேதான் கத்தியிருப்பாள். அது அவனுக்கும் தெரியும்.

அவள் அவனைக் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கத்து வேலியில் இன்று விரிப்பு தொங்கியிருந்தால் யூஜினை அவள் அனுப்பியிருப்பாளா? அனுப்பியிருக்க மாட்டாள். வாசலில் ஹேசல் மாதிரியேதான் நின்றிருப்பாள்.

மெர்வின் இன்னொரு காலையும் பலகையில் எடுத்து வைத்தான். அவன் வரத்தான் போகிறான், பயந்துகொண்டே வரப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. கையை நீட்டி, முள்ளில் படாமல் விரிப்பை எடுத்தாள். வர வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

அவன் கொஞ்ச நேரம் பலகையிலேயே நின்றான். பிறகு திரும்பிச் சரிவேறிப் போனான். தொழுவத்தில் மாடு கத்திக்கொண்டிருந்தது. டீலியா விரிப்பை நான்காக மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, யூஜினோடு சேர்ந்து இழுக்க உள்ளே போனாள்.